பேனாவும் அலங்காரமும்

ஆனந்த குமாரஸ்வாமி என்னை வெகுகாலம் சோம்பேறியாக வைத்திருந்தார். குற்றம் அவர் பேரில் இல்லை. பெரியவர்கள் சொன்னதைச் சிறியவர்கள் சுருக்கிக்கொள்ளும்போது நேர்கிற விபத்து அது. சென்னை கணேஷ் கம்பெனியார் 1912-இல் வெளியிட்ட 'ஆர்ட் அண்ட் சுதேசி' என்ற நூலில் அவர் கருவிக்கும் யந்திரத்துக்கும் ஒரு வித்தியாசம் காட்டுகிறார். கம்பளம் நெய்கிறவனுடைய தறி கருவி. அது பாவு நூலை இழுத்துப் பிடித்துக்கொண்டு சும்மா நிற்கிறது. வேலை செய்வது நெய்கிறவனின் விரல். விசைத்தறியோ யந்திரம். மனிதன் செய்யவேண்டிய பங்கையே அது எடுத்துக்கொண்டுவிடுகிறது. அதனால்தான் அது பண்பாட்டை அழிக்கிறது என்பது அவர் கட்சி.

இந்தப் பாகுபாட்டை வைத்துக்கொண்டு நான் எத்தனையோ கட்டுரைகள் எழுதிவிட்டேன். சுங்குடிச் சேலை, பத்தமடைப் பாய், மண்பாண்டம், எல்லாவற்றுக்கும் ஒரே முழக்கோல். கையால் செய்தது உயர்வு, யந்திரம் செய்தது மட்டம். பொருளைப் பார்க்காமலே அபிப்பிராயம் சொல்ல இதைவிட வசதியான ஏற்பாடு கிடையாது. அந்தக் கோல் கல்மண்டபத்தில் ஒரு லேத் பட்டறையில் முறிந்துபோயிற்று. கோலை வைத்து எழுதியவன் முறிந்ததையும் எழுதிவிடுவதுதானே நியாயம்?

அச்சகம் ஒன்றில் நெடுங்காலம் புரூப் திருத்திய நண்பர் ஓய்வு பெற்றார். என் நாவல்களில் இருந்த பிழைகளில் பாதியை அவர் எடுத்தார். மீதிப் பாதி, நான் பிடிவாதம் பிடித்ததால் நின்றவை. எழுதுகிறவர்கள் நாலைந்து பேர் சேர்ந்து அவருக்கு ஒரு வெள்ளிப் பேனா கொடுப்பது என்று தீர்மானமாயிற்று. கடையில் வாங்கினால் சீமைப் பேனாதான் கிடைக்கும். யாரோ ஒருவர் கல்மண்டபத்தில் ஒரு மேஸ்திரி இருக்கிறார், உலோகக் குழாயில் நல்ல வேலைப்பாடு போடுகிறார் என்றார். சௌகார்பேட்டையில் வெள்ளி வாங்கிக் குழாயாகச் செய்வித்து எடுத்துக்கொண்டு போகும் பொறுப்பு என் தலையில் விழுந்தது.

கல்மண்டபம் மார்க்கெட்டை நெருங்கும்போதே மீன் வாசனையும் எண்ணெய் வாசனையும் கலந்து வரும். காசிமேட்டு விசைப்படகுகளுக்கு வேலை செய்கிற பட்டறைகள் அந்தப் பக்கத்தில் உண்டு. எங்கள் மேஸ்திரிக்கும் சோறு போடுவது படகு சாப்டுதான். ஆள் உயரத்துக்கு இரும்புத் தண்டைக் கடைகிற அதே மனிதர், வேலை ஓய்ந்த மத்தியானங்களில், பட்டறையின் பின்மூலையில் இருக்கும் இன்னொரு சிறு யந்திரத்தின் மேல் போட்ட சாக்கை எடுத்துவிட்டுப் பேனாக் குழாய்க்கு உட்காருவார்.

கடைசல் நமக்குப் புதிதல்ல. ஹொய்சளர் கட்டிய பேலூரிலும் ஹளேபீட்டிலும் கல் தூண்களையே கடைசல் பிடித்தது போல வழவழவென்று நிறுத்தியிருக்கிறார்கள். அம்பாசமுத்திரத்து மரச்சொப்பு, பம்பரம், தொட்டில் கால், எல்லாம் கடைசல்தான். ஆனால் இவை எல்லாவற்றிலும் அலங்காரம் என்று பார்த்தால் ஒன்றே ஒன்றுதான்: வளையம். பொருள் சுழலும், உளி அசையாமல் நிற்கும் என்றால் வளையத்தைத் தவிர வேறு எதுவும் விழ வழியில்லை. சொப்பில் சிவப்பு வளையம், பச்சை வளையம்; தூணில் பள்ள வளையம், மேட்டு வளையம். நாம் அலையையும் பின்னலையும் கோலத்துக்கு விட்டுவிட்டோம். கடைசலுக்குள் கொண்டுவரவில்லை.

ஐரோப்பாவில் கொண்டுவந்தார்கள். சார்ல் ப்ளுமியே என்ற பிரெஞ்சுத் துறவி 1701-இல் கடைசல் கலையைப் பற்றி ஒரு பெரிய புத்தகமே போட்டார். (நம் தோட்டங்களில் ஈழத்தலரி என்று சொல்கிற மரத்துக்குத் தாவர நூலார் ப்ளுமேரியா என்று பெயர் வைத்தது இவரைக் கௌரவித்துத்தான். செடியும் லேத்தும் ஒரே ஆளுக்குப் பிடித்திருந்தன என்பது எனக்கு ஏனோ சந்தோஷமாக இருக்கிறது.) யுக்தி இதுதான்: சுழலும் அச்சிலே விளிம்பு அலை அலையாக வெட்டிய ஒரு தகட்டை மாட்டிவிட்டால், அச்சு சுழலும்போதே அசைந்து கொடுக்கும், உளி போடும் வட்டம் அலையாகிவிடும். பிரெஞ்சுக்காரர்கள் கியோஷே என்று பெயர் வைத்திருக்கும் வேலைப்பாடு இந்த யந்திரத்திலிருந்துதான் செழித்தது. பாரிஸில் ப்ரெகே என்ற கடிகாரக்காரர் 1786 வாக்கில் கடிகார முகப்புகளில் இதைக் கொண்டுவந்தார். லண்டனில் 1794-இல் தொடங்கிய ஹோல்ட்ஸாஃபெல் கம்பெனியார் பணக்காரர்கள் வீட்டில் வைத்துப் பொழுதுபோக்குவதற்கென்றே இப்படிப்பட்ட லேத்துகளைச் செய்து விற்றார்கள்.

கல்மண்டபத்து மேஸ்திரியிடம் இருப்பது அந்தச் சீமான்களின் யந்திரம் அல்ல. உடைசல் சாமான்களிலிருந்து அவரே கூட்டியது. குழாய் அதில் படுத்திருக்கும். வெள்ளிக் குழாய் மெல்லியது. உளி பட்டால் நசுங்கிவிடும் என்பதால் உள்ளே ஒரு பித்தளைத் தண்டு இறுக்கிச் செருகியிருக்கும். கைப்பிடியைத் தள்ளினால் குழாய் நீளவாக்கில் நகரும். நகரும்போதே ஒரு சிறு நெம்புகோல், பக்கத்தில் அலையாக வெட்டி வைத்த பித்தளைப் பட்டையைத் தடவிக்கொண்டு போகும். பட்டை ஏறினால் குழாய் ஓர் இம்மி இந்தப் பக்கம் உருளும். இறங்கினால் அந்தப் பக்கம். உளி நின்ற இடத்தில் நிற்கிறது. குழாயின் மேல் ஓர் அலைக்கோடு விழுந்துவிடுகிறது. அடுத்த கோட்டுக்குப் பட்டையைப் பாதி அலை தள்ளி மாட்டுவார். முதல் கோட்டின் மேடும் இரண்டாம் கோட்டின் பள்ளமும் எதிர் எதிராக வந்து நடுவில் ஒரு மணி பிறக்கும். வெள்ளைக்காரர்கள் இதைப் பார்லி மணி என்பார்கள். மேஸ்திரி நெல்லு டிசைன் என்கிறார். எனக்கு மேஸ்திரியின் பெயர்தான் பொருத்தமாகப் படுகிறது. மணியின் நுனி நெல்லைப் போலவே கூராக இருக்கிறது.

ஒரு குழாய்க்கு 48 கோடு. இடைவெளியை அளப்பதற்குத் துளை போட்ட வட்டத் தட்டு ஒன்று இருக்கிறது. அதன் கைப்பிடியை நாற்பது முறை முழுதாகச் சுற்றினால் குழாய் ஒரு முறை சுற்றும். 48 கோடு வேண்டுமானால் ஒவ்வொரு கோட்டுக்கும் ஆறில் ஐந்து சுற்று. அதாவது 18 துளை உள்ள வட்டத்தில் 15 துளை. ஒரு துளை தவறினால் குழாய் அரை டிகிரி தவறும். பேனாக் குழாயின் குறுக்களவு 12 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொண்டால், அரை டிகிரி என்பது ஒரு மில்லிமீட்டரில் இருபதில் ஒரு பங்கு. கோட்டுக்கும் கோட்டுக்கும் இடைவெளியே முக்கால் மில்லிமீட்டருக்குச் சற்றுத்தான் அதிகம். தவறு செய்த இடத்தில் ஒன்றும் தெரியாது. அடுத்தடுத்த கோடுகள் எல்லாம் அதே தவற்றோடு ஒழுங்காகப் போய்க்கொண்டிருக்கும். கைப்பிடியை ஒரு துளை தாண்டிச் சுற்றிவிட்டால் பின்னால் இழுத்துச் சரிசெய்யவும் கூடாது. பல்சக்கரத்தில் இருக்கும் ஆட்டம் ஏமாற்றிவிடும். நன்றாகப் பின்வாங்கி மறுபடி முன்பக்கமாகவே வரவேண்டும். கோடுகளின் எண்ணிக்கை இரட்டைப்படையாகவே இருக்கவேண்டும். 47 அல்லது 49 போட்டால் கடைசியில் ஒரே ஜாதிக் கோடுகள் இரண்டு அக்கம்பக்கம் வந்து உட்கார்ந்து, அந்த இடத்தில் மட்டும் நெல் விளையாது.

ஜமக்காளத்தில் நெய்கிறவன் கணக்குத் தப்பினால் கரையில் மறைத்துவிடலாம். ஓவியத்துக்குச் சட்டம் உண்டு. குழாய்க்குக் கரையும் இல்லை, சட்டமும் இல்லை. சுற்றிப் போன கோடு புறப்பட்ட இடத்துக்கு வந்துதான் ஆகவேண்டும்.

"ஒண்ணுலேர்ந்து நாப்பத்தேழு வரிக்கும் யார் வேணா போடலாம் சார். நாப்பத்தெட்டு போடறப்பதான் தெரியும், ஒண்ணு ஒழுங்கா போட்டமா இல்லியான்னு" என்றார் மேஸ்திரி.

நான் போன இரண்டாம் நாள் எங்கள் வெள்ளிக் குழாயை அவர் வெளியே எடுத்து, ஒரு துணியால் துடைத்து, வாசல் வெளிச்சத்தில் உருட்டிப் பார்த்துவிட்டு, பெஞ்சின் கீழே இருந்த டப்பாவில் போட்டார். எனக்குப் புரியவில்லை.

"என்ன மேஸ்திரி, நன்றாகத்தானே இருக்கிறது?"

"ஒரு இடத்துல நெல்லு சப்பையா கீது சார்."

டப்பாவிலிருந்து எடுத்துப் பார்த்தேன். முதலில் கண்ணுக்குத் தெரியவில்லை. உருட்ட உருட்ட, ஓர் இடத்தில் மட்டும் வெளிச்சம் ஒரு கணம் தடுக்கியது. அவ்வளவுதான். "மூடியில் கிளிப் வருமே, அதற்கு நேர் கீழே இந்த இடத்தை வைத்துவிட்டால்?" என்று கேட்டேன். கேட்கிறபோதே நான் என்ன தொழில் செய்கிறவன் என்பது எனக்கு ஞாபகம் வந்தது. கதையில் சரியாகப் பொருந்தாத சந்தியை ஒரு வர்ணனையின் அடியில் செருகிவிடுவது நாவலாசிரியர்களுக்குத் தெரிந்த வித்தைதான்.

"மூடிக்குக் கிளிப்பு கீது சார். குழாய்க்கு இன்னா கீது?" என்றார்.

குமாரஸ்வாமிக்கு வருகிறேன். மேஸ்திரியின் யந்திரத்தை அவர் தராசில் வைத்தால் விசைத்தறிப் பக்கம்தான் சாயும். அலையை வரைவது பித்தளைப் பட்டை. இடைவெளியை அளப்பது துளைத்தட்டு. மேஸ்திரியின் விரல் எந்தக் கோட்டையும் வரையவில்லை. கைப்பிடியைத் தள்ளுவதைத்தான் வேலை என்று சொல்வதானால் விசைத்தறிக்காரனும் அதைச் செய்கிறான். ஆனால் அந்தக் குழாயை டப்பாவில் போட்டது எது? யந்திரத்துக்கு அந்த வித்தை தெரியாது. அது சப்பை நெல்லையும் கூர் நெல்லையும் ஒரே சிரத்தையோடு வெட்டும். மனிதனுடைய பங்கு விரலில் இருக்கிறது என்று குமாரஸ்வாமி நினைத்தார். கல்மண்டபத்தில் நான் பார்த்தவரை அது வேண்டாம் என்று சொல்லும் அதிகாரத்தில் இருந்தது. பெரிய தொழிற்சாலையில் தொழிலாளிக்கு அந்த அதிகாரம் இல்லை. பரிசோதகர் என்று தனியாக ஒருவர் அளவுகோலோடு உட்கார்ந்திருப்பார். விசைத்தறியில் பறிபோனது விரல் வேலை மட்டும்தானா, அல்லது இந்த அதிகாரமா என்று குமாரஸ்வாமியைக் கேட்க ஆசையாக இருக்கிறது. அவர் 1947-இல் காலமாகிவிட்டார். கலை விமரிசகராவதற்கு முன் மண்ணியல் படித்தவர். தோரியனைட் என்ற கனிமத்தை இலங்கையில் கண்டுபிடித்துச் சொன்னவர். கனிமத்தைப் பார்த்த அதே கண்ணால் இந்தக் குழாயைப் பார்த்திருந்தால் தம் கட்சியைத் திருத்தியிருப்பார் என்றே நம்புகிறேன்.

இதற்கு மறுபக்கமும் அதே வட்டாரத்திலேயே இருக்கிறது. 1955-இல் உருவான என்ஃபீல்டு இந்தியா கம்பெனியின் திருவொற்றியூர்த் தொழிற்சாலையில், புல்லட் மோட்டார் சைக்கிளின் பெட்ரோல் தொட்டியில் ஓடும் பொன்னிறக் கோட்டைக் கையால், தூரிகையால் போட்டார்கள். தலைமுறையாக அந்தக் கையைப் பழக்கியவர்கள் இருந்தார்கள். ஜனங்கள் அதை எப்படிப் புகழ்ந்தார்கள்? "மெஷின்ல போட்ட மாதிரி இருக்கு!" கை யந்திரத்தைப் போல் இருந்தால் புகழ்; யந்திரம் கையைப் போல் இருந்தாலும் புகழ். இதைக் கொண்டு கலையை அளக்க முடியாது என்பதற்கு வேறு அத்தாட்சி வேண்டியதில்லை.

வேறு எதைக் கொண்டு அளப்பது? நான் பார்த்தவரை, வெளிச்சத்தைக் கொண்டு. உளி நறுக்கிய பள்ளத்துக்கு இரண்டு சுவர்கள் உண்டு, இரண்டும் கண்ணாடி. அதற்காகவே மேஸ்திரி உளி முனையை அரைமணி நேரம் மெருகேற்றுகிறார். வெட்டிய பிறகு குழாய்க்கு மெருகு போடுவது கிடையாது. போட்டால் ஓரம் மழுங்கிவிடும். வெட்டே பளபளக்க வேண்டும். பேனாவை விரலில் உருட்டும்போது ஒரு சுவர் வெளிச்சத்தை விட்டு, அடுத்தது பிடிக்கிறது. நெல்மணிகள் காற்றடித்த வயலைப் போல் ஓடுகின்றன. அச்சில் அழுத்தி எடுத்த குழாயில் இது வராது. உலோகம் அங்கே நறுக்கப்படவில்லை, நசுக்கப்பட்டிருக்கிறது. விளிம்பெல்லாம் உருண்டு, மேலே பூசிய முலாம் பள்ளத்தையும் பாதி நிரப்பியிருக்கும். தூரத்தில் இரண்டும் ஒன்றுதான். கையில் எடுத்தால் அச்சுக் குழாய் வெல்லம் ஒட்டிய கண்ணாடி போல இருக்கிறது.

இந்தக் கலை உங்களுக்கு அந்நியமானது என்று நினைக்க வேண்டாம். சட்டைப்பையில் உள்ள ரூபாய் நோட்டை எடுத்துப் பாருங்கள். பின்னிப் பின்னி ஓடும் மெல்லிய அலைக்கோடுகள் இந்தக் குடும்பத்தைச் சேர்ந்தவை. 1840-இல் பிரிட்டன் வெளியிட்ட உலகின் முதல் ஒட்டும் தபால் தலையிலும் ராணியின் தலைக்குப் பின்னால் இதே யந்திரம் வரைந்த பின்னல்தான். கள்ளத் தபால் தலை அடிக்கிறவன் கையால் அதைப் பார்த்து வரைய முடியாது என்பது காரணம். ப்ரெகேயின் கடிகாரத்திலும் அது வெறும் சிங்காரமாக வரவில்லை. முகப்பின் கூச்சத்தைக் குறைத்தது. மணிக்குரிய வட்டத்தையும் நொடிக்குரிய வட்டத்தையும் கண் தடுமாறாமல் பிரித்துக் காட்டியது. பேனாவிலும் அப்படியே. வழவழப்பான வெள்ளி வியர்வைக் கையில் வழுக்கும். ஒரு வாரத்தில் ரேகையும் கீறலுமாக அசிங்கப்பட்டுவிடும். நெல் விளைந்த வெள்ளி பிடி கொடுக்கிறது, கீறலை விழுங்கிவிடுகிறது.

அலங்காரத்தை அடியோடு வெறுத்த வியன்னாக் கட்டடக் கலைஞர் அடால்ஃப் லோஸ் இந்தச் சமாதானத்தை ஒப்பமாட்டார். அலங்காரம் ஒரு குற்றம் என்று இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அவர் செய்த வாதம் பிரசித்தமானது. அதில் பாதி வெறும் திமிர். அலங்காரம் காட்டுமிராண்டிகளுக்கு உரியது என்று ஓர் ஐரோப்பியர் சொன்னால் நாம் சிரித்துவிட்டுப் போகலாம். மீதிப் பாதியைத் தள்ள முடியவில்லை. அலங்காரம் தொழிலாளியின் நேரத்தைத் தின்கிறது, அந்த நேரத்துக்கு யாரும் கூலி கொடுப்பதில்லை என்கிறார். மேஸ்திரி டப்பாவில் போட்ட வெள்ளி நஷ்டமில்லை. உருக்கினால் மறுபடி குழாய். போனது ஒரு மத்தியானம். படகு சாப்டு கடைந்திருந்தால் அந்த மத்தியானத்துக்குக் கூலி உண்டு. நான் கூடக் கொடுக்க முன்வந்தேன். "நான் பண்ண தப்புக்கு நீ இன்னாத்துக்கு சார் துட்டு தர்றே" என்று மறுத்துவிட்டார். இதை ரொம்ப உயர்வாக எழுதி மேஸ்திரியைத் தெய்வமாக்கிவிடலாம். லோஸ் அப்படி எழுதுகிறவர்களைப் பற்றித்தான் எச்சரித்தார் என்பதால் எழுதாமல் விடுகிறேன்.

சீமைப் பேனாக்களிலும் நல்லது உண்டு. பார்க்கர் கம்பெனி தன் எழுபத்தைந்தாவது வருஷத்தை ஒட்டி 1963-இல் கொண்டுவந்த பார்க்கர் 75, அசல் வெள்ளியில் கட்டம் கட்டமாகக் கோடு போட்டது; அப்போது அமெரிக்காவில் 25 டாலர் விலை. கென்னத் பார்க்கர் வைத்திருந்த ஒரு சிகரெட் பெட்டியின் வேலைப்பாட்டிலிருந்து அந்தக் கட்டம் பிறந்தது என்று சொல்வார்கள். நெடுக்குக் கோடு, குறுக்கு வளையம், அவ்வளவே. பள்ளத்தில் கறுப்பு, மேட்டில் வெள்ளி. நெல்மணியின் ஓட்டம் அதில் கிடையாது. எவ்வளவு உருட்டினாலும் அசையாமல் நிற்கிறது. ஆனால் அது கணக்குப்பிள்ளையின் அழகு. கையெழுத்துப் போடுகிற பேனாவுக்கு அது போதும். நாவல் எழுத நான் அதை எடுக்கமாட்டேன்.

நம் நாட்டுச் சுதேசிப் பேனாக்காரர்கள் உலோகத்தின் பக்கம் அதிகம் போகவில்லை. ராஜமுந்திரியில் 1932-இல் தொடங்கி, 1935-இல் காந்திஜியிடமிருந்து பாராட்டுக் கடிதம் வாங்கிய ரத்னம் பேனாவும், பாரிமுனையில் 1920-களில் தொடங்கிய ஜெம் கம்பெனியாரின் காமா பேனாவும் எபனைட்டில் பேர்வாங்கியவை. எபனைட்டில் அலங்காரம் ரப்பரின் உடம்பிலேயே கலந்துவிடுகிறது. தேக்கின் ரேகை மாதிரி நிறம் சுழித்து ஓடும், உளி அதை வெளியே கொண்டுவந்தால் போதும். அமெரிக்காவில் வாட்டர்மேன் கறுப்பு எபனைட்டிலும் அலைக்கோடு வெட்டினார்கள். விரல் பட்டுப் பட்டுத் தேய்ந்துபோனது. வெள்ளிக் குழாயின் உள்ளே நாங்கள் போட்டதும் எபனைட் பேனாவின் அங்கங்கள்தான். நிப்பு மட்டும் சாத்தூரிலிருந்து வாங்க ஆசைப்பட்டேன். வீட்டுக்கு வீடு நிப்பு அடித்த ஊர் அது. பால் பாயிண்ட் வந்து அந்தத் தொழிலை ஒடுக்கிவிட்டது.

இப்போது லேசர் வந்திருக்கிறது. கம்ப்யூட்டரில் படத்தைக் கொடுத்தால் நாற்பத்தெட்டாவது கோடு முதல் கோட்டை மயிரிழை தவறாமல் சந்திக்கும். சந்திப்பில் அது மேஸ்திரியைத் தோற்கடிக்கும்; இதை மறைப்பதில் லாபமில்லை. வெளிச்சத்தில் தோற்கிறது. லேசர் நறுக்குவதில்லை, எரிக்கிறது. எரிந்த பள்ளம் சொரசொரவென்று சாம்பல் நிறமாக இருக்கிறது. நெல்லை வரைந்த படம் இருக்கிறது, நெல் இல்லை. நாளைக்கே கம்ப்யூட்டர் ஓட்டுகிற யந்திரம் ஒன்று வைர முனையால் இதே வெட்டை வெட்டினால், அதையும் நல்லதென்றே நான் சொல்லவேண்டும். சொல்வேன். சொல்லும்போது கொஞ்சம் வருத்தமாக இருக்கும், அது வேறு விஷயம். அதை விமரிசனத்தில் சேர்க்கக்கூடாது.

மேஸ்திரி ஒரு வாரம் கழித்து வேறு குழாய் போட்டுக் கொடுத்தார். விழா என்று ஒன்றும் வைக்கவில்லை. நண்பர் வீட்டுத் திண்ணையில் வைத்துக் கொடுத்தோம். மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, பேனாவைக் கண்ணுக்கு அருகில் கொண்டுபோய் மெதுவாக ஒரு சுற்று உருட்டினார். மறுபடி ஒரு சுற்று. முப்பது வருஷப் பழக்கம். அவர் அழகைப் பார்க்கவில்லை, பிழை தேடுகிறார் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. மூன்றாம் சுற்றுக்குப் பிறகு, "எங்கே ஆரம்பிச்சிருக்கான்?" என்றார்.

எனக்குத் தெரியவில்லை என்றேன். மூடியைக் கழற்றி, கிடைத்த காகிதத்தில் தம் பெயரை எழுதிப் பார்த்தார். மை கொஞ்சம் அதிகமாக இறங்குகிறது என்றார்.